என் பிரசவத்துக்கு வைத்த அடை

எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று போனில் சொன்னதும் அம்மா முதலில் செய்த காரியம் கோழியை அடை வைத்ததுதான். அழுவது, திருத்தணி மலைப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது எல்லாம் அப்புறம். "இரு இரு, கிராப்புக்கோழி ரெண்டு நாளா அடைக்கு ஒக்காந்துகினு கீது, முட்டய எடுத்து வச்சிட்டு வரேன்" என்று போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் இந்தப் பக்கம் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு நின்றேன். அவள் என் அப்பாவிடம் ஏதோ கேட்பதும், அவர் எரிந்து விழுவதும் மட்டும் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் நல்ல சேதி வந்தாலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால் பிறந்த வீட்டில் ஒரு கோழியை அடை வைப்பார்கள். குஞ்சு பொரித்து, வளர்ந்து, மகள் பிள்ளை பெற்று வருகிற நேரத்துக்கு இளங்கோழிகளாக நிற்கும். பச்சை உடம்புக்காரிக்கு அந்தக் கோழியைத்தான் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்துக் கொடுக்க வேண்டும். கறிக்கடையில் வாங்கிப் போட்டால், பெற்ற மகளுக்கு நாலு கோழி வளர்க்கத் துப்பில்லாதவள் என்று ஊர் பேசும். அம்மாவுக்கு ஊர் பேச்சு என்றால் அப்படி ஒரு பயம்.

இதற்கு முன்னும் ஒரு தடவை எனக்காக அடை வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை மூன்றாம் மாதமே நிற்காமல் போய்விட்டது. குஞ்சுகள் மட்டும் பொரிந்து வெளியே வந்தன. அவற்றை என்ன செய்தாள் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது ஒரு குஞ்சும் கண்ணில் படவில்லை. அதனால் இந்த முறை அவள் முட்டை எடுத்து வைக்கப் போனதும் எனக்கு அந்தக் குஞ்சுகள்தான் ஞாபகம் வந்தன. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் இந்தப் பிள்ளை நிற்கும், அவள் கையில் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு. அதைத் தவிர வேறெதையும் நான் கேட்கவில்லை.

என் பிறந்த வீடு திருவாலங்காட்டுப் பக்கம். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கும் கோழிக்கும் ஆகவே ஆகாது. நாற்றங்காலைக் கிளறிவிடும், வேர்க்கடலை விதையைப் பொறுக்கித் தின்றுவிடும், காயப்போட்ட நெல்லில் நடந்துபோகும். "ஒரு நாளிக்கு எல்லாத்தையும் புடிச்சி பஸ்ல ஏத்தி உட்டுடறேன் பாரு" என்று தினமும் சொல்வார். அம்மா காதிலேயே வாங்கமாட்டாள். அவளிடம் இருந்ததே ஏழெட்டுக் கோழி, ஒரு சேவல். கல்யாணமாகி நான் போனது அம்மையார்குப்பம். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. தறி ஓடினால் பேசுவது கேட்காது, அம்மாவிடம் பேசத் தெருவுக்கு வந்துவிடுவேன். தெருவில் நின்று கோழிக்கதை கேட்கிறவள் என்று எனக்குப் பெயரே ஆகிவிட்டது.

கிராப்புக்கோழி என்றால் கழுத்தில் இறகு இல்லாத கோழி. அம்மாவிடம் இருந்ததிலேயே அதுதான் கோபக்காரி. அடையில் இருக்கும்போது கையை நீட்டினால் இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு 'கொர்ர்' என்று ஒரு சத்தம் போடும், ஒரே கொத்தில் ரத்தம் வந்துவிடும். "அப்புடியே உன் கொணம்" என்பாள் அம்மா. பழைய மூங்கில் கூடையில் உமியும் மணலும் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை வைப்பாள். ஒவ்வொரு முட்டையிலும் கரியால் ஒரு கோடு. இல்லாவிட்டால் வேறு கோழி வந்து புது முட்டை இட்டுவிட்டுப் போனால் தெரியாது. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓரத்தில் ஒரு துண்டு இரும்பும் அடுப்புக்கரியும். உடைந்த அரிவாள் துண்டைத்தான் அன்று நைனாவிடம் கேட்டிருக்கிறாள், அதற்குத்தான் அவர் எரிந்து விழுந்திருக்கிறார்.

என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று நான் வாங்கிக் கொடுத்த போனை அம்மா முட்டை பார்க்கத்தான் அதிகம் பயன்படுத்தினாள். ஒரு வாரம் போனதும் போன் விளக்கைப் போட்டு, முட்டையை அதன்மேல் வைத்து, உள்ளே நரம்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்தாள். ஓடாததை எடுத்துவிட்டாள். கோழி ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் இறங்கும். அவசர அவசரமாகக் கம்பைப் பொறுக்கித் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் ஒரு புரளல் புரண்டு, திரும்ப ஓடிவந்து உட்கார்ந்துவிடும். இளைத்துத் துரும்பாகப் போய்விட்டது என்று அம்மா சொல்லுவாள். "நீயும் ஒழுங்கா துன்னு, அது மாதிரி கெடக்காத" என்று அங்கேயும் என்னைக் கொண்டுவந்து சேர்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். நான் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறேன், இவளுக்கு எல்லாவற்றுக்கும் கோழிதானா என்று திட்டியிருக்கிறேன்.

மாசியில் குஞ்சு பொரித்தது. அன்று அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். கூடை மட்டும் தெரிந்தது. கோழியின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்து உள்ளே போனது. இன்னொன்று இறக்கைக்கு மேலே ஏறி நின்றது. அப்புறம் ஒரு சாம்பல் நிறக் குஞ்சு, அதற்கும் தாய்க்கோழியைப் போலவே மொட்டைக் கழுத்து. நான் வாய்விட்டுச் சிரித்தேன். "உன் மூஞ்சியக் காட்டுமா" என்றேன். "என் மூஞ்சில இன்னா கீது. இத பாரு, இன்னும் ஓடு ஒட்டிகினு கீது பாரு" என்று அவள் கூடையைத்தான் காட்டினாள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். நொய்யை ஊறவைத்துத் தூவுகிறாள், கிராப்புக்கோழி தான் தின்னாமல் 'கொக் கொக்' என்று குஞ்சுகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறது. இன்று குப்பைமேட்டுக்கு அழைத்துப் போனது. இன்று மழை, ஒன்றும் நனையவில்லை, எல்லாம் அதன் இறக்கைக்குள். ஒரு நாள் போனை எடுத்ததும் அம்மாவின் குரலே சரியில்லை. பருந்து வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கோழி எகிறிப் பறந்து பார்த்ததாம், கூரை உயரம் வரைக்கும் போய் விழுந்ததாம். "போனது போவட்டும், மத்தது இருக்குதில்ல" என்று நான் சமாதானம் சொன்னேன். "அது உனக்குன்னு வச்சதுடி" என்று அம்மா அழுதாள். ஒரு குஞ்சுக்கா இப்படி அழுவார்கள் என்று நினைத்தேன். குஞ்சுக்காக அவள் அழவில்லை என்பது எனக்கும் தெரியும். ஒன்று குறைந்தால் அவள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து நைனா மாறிவிட்டார். காலையில் வயலுக்குப் போகிறவர் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவந்து, கயிறு திரிக்கிறேன், மண்வெட்டிக்குக் காம்பு செதுக்குகிறேன் என்று ஏதாவது ஒரு சாக்கில் வாசலில் உட்கார்ந்துகொண்டார். மேலே ஒரு நிழல் ஓடினால் போதும், எவர்சில்வர் தட்டை எடுத்து அடித்துக் கத்துவார். "உங்க நைனா கோழி மேய்க்கறாரு" என்று அம்மா போனில் கிசுகிசுப்பாள். பின்னால் அவர், "நான் காம்பு செதுக்கறேன்" என்பது கேட்கும். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க எல்லாவற்றையும் கூடையில் போட்டு மூடி, ஷேர் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சொட்டு மருந்து போட்டு வந்ததும் அவர்தான். ஆட்டோக்காரர் கேலி செய்ததற்கு, "எம்பொண்ணு பிரசவத்துக்குங்க" என்றாராம். அதை அம்மா சொல்லும்போது அவளுக்கே வெட்கம்.

குஞ்சுகளுக்கு இறக்கை வளர்ந்து, கால் நீண்டு, அசிங்கமாக ஒரு பருவம் வரும். அப்போது ஒரு நாள் தாய்க்கோழி அதுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பிக்கும். அதுவரைக்கும் வாயில் இருப்பதைக் கொடுத்த அதே கோழி. கிராப்புக்கோழி விரட்டிய அன்று நான் வீடியோவில் பார்த்தேன். சாம்பல் குஞ்சு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு தடவையும் தலையில் கொத்து வாங்கிக்கொண்டு ஓடியது. எனக்குத் தாங்கவில்லை. "அதப் புடிச்சித் தூரக் கட்டுமா" என்றேன். "ஒனக்கின்னாடி தெரியும், அது அடுத்த முட்டைக்கு வந்துட்ச்சி. ரெண்டு நாளு கத்தும், அப்பறம் தானா மேயும்" என்றாள் அம்மா.

ஆனி மாதம் செக்கப்புக்காகத் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மாவும் வந்தாள். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் அம்மா அந்த அறையிலேயே மலையிருக்கும் திசை எது என்று நர்சைக் கேட்டுக் கும்பிட்டாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, அவித்த முட்டையை உரித்துக் கொடுத்தாள். வளைகாப்பை ஏழாம் மாதத்திலேயே வைத்துக் கூட்டிக்கொண்டு போ என்றேன். என் மாமியார் வீட்டில் ஒன்பதாம் மாதம்தான் வழக்கம், ஆடி முடிந்து ஆவணி பிறக்கட்டும் என்றாள். "இன்னும் ரெண்டு மாசம் அங்கியே கெடக்கணுமா?" என்று கோபப்பட்டேன். "கோழியும் அப்பதாண்டி பக்குவமா இருக்கும்" என்றாள். நான் போக வேண்டிய ஆர்.கே.பேட்டை பஸ் வந்துவிட்டது. இடம் பிடிக்கிற அவசரத்தில் நான் ஏறிவிட்டேன். பஸ் திரும்பும்போது பார்த்தேன், கையில் முட்டை ஓடு இருந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

ஆடிக் கிருத்திகைக்கு அம்மா நடந்தே மலைக்குப் போய்வந்தாள். ஊரெல்லாம் காவடி, எங்கள் பக்கம் பஸ்ஸே வரவில்லை. திரும்பிவந்து, கால் வலிக்கிறது என்றாள். கிராப்புக்கோழி மறுபடியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டது, ஆடியில் வைத்தால் தேறாது என்பார்கள், என்றாலும் உட்கார்ந்துவிட்டதே என்று வைத்திருக்கிறேன் என்றாள். அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்து கோழிகளை விட்டு, கம்பை இறைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு அடைத்துவிட்டது என்றார்கள். நைனா பார்த்தபோது கோழிகள் அவளைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தனவாம்.

எனக்குச் சேதி வந்தபோது நான் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். எழுந்து புடவை மாற்றி வெளியே வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு என் மாமியார் நின்றிருந்தார். "வயித்துல புள்ளய வச்சிகினு பொணம் கெடக்கற எடத்துக்குப் போவக்கூடாதும்மா" என்றார். அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். "அது பொணம் இல்ல, எங்கம்மா" என்று கத்தினேன். என் கணவர் பைக்கை எடுக்கத் தயாராகத்தான் இருந்தார். "எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்று எங்கள் ஊருக்குப் போன் போட்டார். அங்கே என் பெரியப்பா, "கூட்டிகினு வராதீங்க மாப்ள. முன்னாடி ஒண்ணு போனது போதும்" என்று சொல்லிவிட்டார். பிறந்த வீட்டிலேயே சொன்ன பிறகு யாரால் என்ன பேச முடியும்? நான் ஒருத்திதான் பேசினேன். மண்ணை வாரித் தூற்றாத குறை. எல்லோரையும் திட்டினேன், வயிற்றில் இருந்ததையும் திட்டினேன்.

சரி, வீடியோவிலாவது காட்டுங்கள் என்றேன். அதற்கும் ஒரு பஞ்சாயத்து. போனில் பார்ப்பது பார்ப்பதில் சேருமா சேராதா என்று சாவு வீட்டில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசினார்கள். என் பெரியம்மா, "பார்வை பார்வைதானே, போனா இருந்தா இன்னா" என்றார். சின்னம்மா, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, காட்டலாம் என்று சண்டை போட்டாள். கடைசியில் அவளே போன் போட்டு, "இரும்மா, உள்ள போறேன்" என்றாள். பந்தல் தெரிந்தது, பெண்களின் முதுகு தெரிந்தது. அப்போது நடுவில் ஒரு கை வந்து போனை மூடியது. நைனாவின் குரல். "வேணாம்மா. நீ பாக்க வேணாம்." அவ்வளவுதான், துண்டித்துவிட்டார்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அமாவாசையில் ஏர் கட்டுகிறவர், ராகுகாலத்தில் கரும்பு வெட்ட ஆள் விடுகிறவர். அவருக்கு என்ன தீட்டு, என்ன சாங்கியம்? அன்றைக்கு நைனாவை நான் வெறுத்தேன். சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வெறுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் சின்னம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவை எடுத்த பிறகு வீட்டைக் கழுவும்போது, தீட்டுப்பட்ட முட்டை என்று யாரோ கிராப்புக்கோழியைத் தூக்கி எறிந்துவிட்டு, அடியிலிருந்த முட்டைகளைக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். அது திரும்பிவந்து வெறும் உமிமேல் உட்கார்ந்துகொண்டது. காரியம் முடிந்து மறுநாள் பங்காளிகளுக்குக் கறிசோறு போட வேண்டும். வளர்ந்து நிற்கிற கோழிகளைப் பார்த்து, "இதுங்கள அடிச்சா போதுமே, எதுக்குக் கடைக்கு" என்றாராம் பெரியப்பா. அதுவரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த நைனா எழுந்துவந்து கூண்டுக்கு முன்னால் நின்றாராம். "அது அவ பொண்ணுக்கு வச்சது. யாராவது கை வச்சீங்க, அவ்ளோதான்." சாவு வீட்டில் அண்ணன் தம்பிக்குள் கோழிக்காகச் சண்டை. பெரியப்பா சாப்பிடாமல் போனாராம். சின்னம்மா இதைச் சொல்லும்போது நைனாவின் மேல் என் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. கோழியைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு எனக்கு ஒரு தடவை முகத்தைக் காட்டத் தெரியவில்லையே என்றுதான் இருந்தது.

வளைகாப்பு நடக்கவில்லை. துக்க வீடு. புரட்டாசியில் திருத்தணி ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை நின்றது, பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது, சுற்றி எல்லோரும் வலியில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம், என்னைத் தேற்றுவதாக நினைத்து, "உங்கம்மா தூங்கற மாதிரியேதான் இருந்தாங்க" என்று சொல்லிவைத்த மாதிரி ஒரே வசனம். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே போவது என்று பேச்சு வந்தது. தாயில்லாத வீட்டில் பச்சை உடம்புக்காரியை யார் பார்ப்பார்கள் என்று மாமியார் கேட்டதில் நியாயம் இருந்தது. நைனா ஆட்டோவோடு வந்து நின்றார். முகம் பாதியாகியிருந்தது. "அவ வளத்து வச்சிட்டுப் போயிருக்கா. நான் இன்னா பண்றது அத? யாரு துன்றது?" என்று மாமியாரைப் பார்த்துக் கேட்டார். மாமியாரே குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். சின்னம்மா பத்துப் பதினைந்து நாள் கூட இருப்பதாகச் சொன்னாள். நான் அவரோடு பேசாமலேயே ஆட்டோவில் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நாற்றம். அடுப்படி மூலையில் கூடையும், அதில் கிராப்புக்கோழியும். இன்னும் அடையில் இருந்தது. எலும்பும் தோலுமாக, கொண்டை வெளுத்துப்போய், என்னைப் பார்த்து 'கொர்ர்' என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது. "முட்டயக் கொட்டிட்டாங்கன்னு சொன்னியே" என்று சின்னம்மாவைக் கேட்டேன். அவள் நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்தார். நான் கோழியைத் தூக்கினேன். அடியில் வெள்ளை வெளேரென்று கடை முட்டை. மளிகைக் கடையில் அட்டையில் அடுக்கி விற்கிறார்களே, அந்தப் பண்ணை முட்டை.

"வெறும் ஒமி மேல ஒக்காந்துகினு இருந்துச்சி. பாக்க முடியல. அதான் வாங்கியாந்து வச்சேன்" என்றார் நைனா. "எத்தினி நாளாச்சி, ஒண்ணும் பொரிக்கல. நம்ம வீட்டு நேரம் அப்புடின்னு நெனச்சிகினேன்."

சேவல் சேராத முட்டை குஞ்சு பொரிக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாழ்நாளெல்லாம் கோழிகளைத் திட்டியே கழித்த மனிதருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு முட்டையிலும் கரியால் கோடு வேறு போட்டு வைத்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். அம்மா போன பிறகு முதல் சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் அது அழுகையாகிவிட்டது, தையல் போட்ட இடம் இழுத்தது, குழந்தை விழித்துக்கொண்டது. சின்னம்மா முட்டைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் எறிந்தாள். ஒவ்வொன்றும் வெடிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. கோழியைக் கூடைக்கு வெளியே விட்டு, கூடையை வெயிலில் கவிழ்த்துவைத்தோம். அது கவிழ்ந்த கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

மறுநாள் முதல் கோழி. சின்னம்மா ரசம் வைத்து, குழையக் குழையச் சோற்றில் பிசைந்து கொண்டுவந்தாள். என்னால் முடியவில்லை. எது என்று கேட்டேன். வாலில் வெள்ளை இருந்தது என்றாள். எனக்கு அதைக் குஞ்சாகத் தெரியும், நொய்க் கிண்ணத்துக்குள்ளேயே ஏறி நிற்கும். தட்டைத் தள்ளிவிட்டேன். பால் சரியாகச் சுரக்கவில்லை, குழந்தை வீறிட்டுக் கத்தியது. அறைக்கு வெளியிலிருந்து நைனா சொன்னார், "நீ துன்னலன்னா கொயந்தைக்கு இன்னா பண்ணுவ? உங்கம்மா சும்மாவா வளத்தா?" தின்றேன். என் அம்மா கையால் தின்று வளர்ந்ததைத் தின்றேன். நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை. பால் வந்தது.

சின்னம்மா ஊருக்குப் போன பிறகு சமையல் நைனா கைக்கு வந்தது. சின்னம்மாவைப் போனில் கேட்டுக் கேட்டுச் செய்வார். உப்பு ஒரு நாள் கரிக்கும், ஒரு நாள் இருக்காது. கிருத்திகையும் செவ்வாயும் பார்த்து விலக்கிவிட்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கோழிகள் குறைந்துகொண்டு வந்தன. மொட்டைக் கழுத்துச் சாம்பல் சேவல் மட்டும் மிஞ்சியது. அதைத் தொடமாட்டார் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் அதன் கூவல் கேட்கவில்லை. மத்தியானம் கிண்ணத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இதான் கடைசி. அவ வச்சது முடிஞ்சிது" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு எங்கேயோ சுட்டது. இத்தனை நாள் அவரோடு சோறு, தண்ணீர், குழந்தை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினேன். "நீ எதையாச்சும் நம்பனவனா நைனா? அமாவாசைக்கு ஏர் கட்டுவ. அன்னிக்கி மட்டும் உனக்கு எங்கேருந்து வந்துச்சி தீட்டு? சின்னம்மா காட்டறேன்னு வந்தா. நீதான் மூடன. எங்கம்மா மூஞ்ச ஒரு வாட்டி பாத்தா உனக்கு இன்னா போயிருக்கும்? தூங்கற மாதிரி இருந்தாங்க, தூங்கற மாதிரி இருந்தாங்கன்னு ஊரே பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுது. நான் பாக்கக் கூடாதா?"

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். அன்று போகவில்லை. கிண்ணத்தில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

"தீட்டாவது மண்ணாங்கட்டியாவது" என்றார் மெதுவாக. "உங்கம்மாவுக்கு ஒரு கண்ணு மூடலம்மா. எடது கண்ணு. நான் மூடனேன், உங்க சின்னம்மா மூடனா. கைய எடுத்தா தொறந்துக்குது. உங்க பெரியப்பன் சந்தனத்த வச்சி அழுத்திப் பாத்தாரு. அத எப்புடிமா உனக்குக் காட்டுவேன், வயித்துப் புள்ளயோட?"

"அப்பறம் எப்ப மூடிச்சி?" என்று கேட்டேன்.

"மூடலயே. அப்படியேதான் எடுத்துகினு போனோம்."

கண் மூடாமல் போனால் யாரையோ பார்க்கக் காத்திருக்கிறது என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. அன்று அந்தப் பந்தலில் எல்லோரும் அதைச் சொல்லியிருப்பார்கள். யாரை என்று நைனா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.